கேம்பஸ் கச்சேரி: பொய் சொல்லாத ரெக்கார்டர் வேணுமா?

இந்த வாரம் ராகமும் இல்லை, தாளமும் இல்லை. அதையெல்லாம் பிடிச்சு வைக்கிற மெஷினைப் பத்திப் பேசப் போறோம்.

காரணம் ஒரு கடிதம். எழுதினவங்க பி.ஏ. இசை ரெண்டாம் வருஷம், வயலின், ஹாஸ்டல் வாசம். சின்னப் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுத்துச் சேர்த்த 12 ஆயிரம் ரூபாய் கையில் இருக்காம். 'தினமும் சாதகம் பண்றதைப் பதிவு செஞ்சு கேட்கணும். காலேஜ் கச்சேரிகளையும் பதிவு செய்யணும். லேப்டாப்பில் மாட்டுற மைக் செட் வாங்கவா, கையடக்க ரெக்கார்டர் வாங்கவா, இல்லை இருக்கிற போனே போதுமா? கடைக்காரர் ஒண்ணு சொல்றார், சீனியர் அக்கா ஒண்ணு சொல்றாங்க' என்று கேட்டிருக்காங்க.

நியாயமான குழப்பம். ஒரு வயலின் ஸ்டூடண்டுக்கு 12 ஆயிரம் ரூபாய் சின்னப் பணம் இல்லை. அதில் எத்தனையோ செட் தந்தி வாங்கலாம், வில்லுக்குப் புது முடி போடலாம். அதனால் பதிலைக் கொஞ்சம் நிதானமாவே சொல்றேன்.

கடைக்குப் போறதுக்கு முன்னாடி உங்க போனை வெச்சே ஒரு சோதனை பண்ணிப் பாருங்க. ரெக்கார்டிங்கை ஆன் பண்ணி, மெதுவான குரலில் 'ஸா'வைப் பத்து விநாடி பிடிங்க. அப்புறம் போன் பக்கத்திலேயே பளார்னு ஒரு கைதட்டல். உடனே பழையபடி அதே மெதுவான 'ஸா'. இப்போ போட்டுக் கேளுங்க. தட்டின உடனே உங்க குரல் சட்டுனு அமுங்கி, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா மேலே ஏறி வருதா? உள்ளே யாரோ உட்கார்ந்து வால்யூம் குமிழைத் திருகுற மாதிரி இருக்கா? அவருக்குப் பேர்தான் ஆட்டோ கெயின்.

போன் செஞ்சவங்க இதைக் கெட்ட எண்ணத்தில் வைக்கலை. போன் என்பது பேசுறதுக்கு உண்டான பொருள். அம்மா அடுக்களையிலிருந்து மெதுவா பேசினாலும், ஃப்ரெண்ட் பஸ் ஸ்டாண்டில் நின்னு கத்தினாலும் கேட்கிறவங்களுக்கு ஒரே அளவில் கேட்கணும். அதுக்காக மெதுவா வர்றதைத் தூக்கி விடும், சத்தமா வர்றதை அமுக்கி விடும். பேச்சுக்கு இது வரம். சங்கீதத்துக்கு? சாட்சாத் வில்லன்!

ஏன்னு யோசிச்சுப் பாருங்க. வயலினில் ஒரு நீளமான வில் போடறீங்க. வில்லின் அடிப்பக்கம் கனமா விழும். நுனிக்குப் போகப்போக அழுத்தம் குறைஞ்சு நாதம் மெலியும். அது மெலியாமல் ஒரே சீரா இருக்கணும்னுதானே காலையில் 5 மணிக்கு எழுந்து சாதகம் பண்றீங்க? ஆட்டோ கெயின் என்ன பண்ணும்னா, நுனியில் மெலிஞ்ச நாதத்தைத் தானே தூக்கிவிட்டுடும். கேட்டா 'ஆஹா, சீரா இருக்கே!'ன்னு தோணும். மூணு மாசம் இப்படிக் கேட்டுட்டு மேடை ஏறினா, மூணாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறவருக்கு உங்க வில்லோட நுனி கேட்கவே கேட்காது. பாடறவங்களுக்கும் இதே கதைதான். கார்வையோட கடைசியில் மூச்சு தேயறது பதிவில் தெரியாது. மிருதங்கக்காரர்கள் பாடு இன்னும் மோசம். வலந்தலையில் ஓங்கி ஒரு அடி விழுந்ததும் மெஷின் மொத்த அளவையும் இறக்கிடும். அடுத்து வர்ற கும்கியின் குழைவு காணாமல் போயிடும்.

இது போதாதுன்னு இன்னொருத்தரும் உள்ளே இருக்கார். இரைச்சலைக் குறைக்கிறவர். விடாமல் ஒரே மாதிரி வர்ற சத்தம் எதுவா இருந்தாலும் அவருக்கு அது ஃபேன் சத்தம்தான். தம்புரா விடாமல் ஒரே மாதிரிதானே ஒலிக்குது? அதையும் ஃபேன் கணக்கில் சேர்த்துத் துடைச்சுடுவார். 2020 லாக்டவுனில் வீடியோ காலில் பாட்டு வகுப்பு போனவங்களைக் கேளுங்க. 'சுருதி வெச்சிருக்கியா இல்லையா?'ன்னு டீச்சர் அந்தப் பக்கம் கேட்டுக்கிட்டே இருப்பாங்க. இந்தப் பக்கம் சுருதிப் பெட்டி பாவம் கத்திக்கிட்டே இருக்கும்.

ஆக, மெஷின் வாங்கும்போது முதல் கேள்வி, 'கிளாரிட்டி எப்படி?' என்பது இல்லை. 'லெவலை நான் கையால் வைக்கலாமா, வெச்சா அங்கேயே நிற்குமா?' என்பதுதான். இதுக்கு ஆமான்னு பதில் வந்தா அப்புறம்தான் பிராண்டு, கலர், விலை எல்லாம்.

இங்கே ஒரு கிளைக்கதை. முதல் முறை தன் குரலைப் பதிவில் கேட்கிற எல்லாரும் 'சீ, இது நானா?'ன்னு முகம் சுளிப்பாங்க. நாம பாடும்போது நம்ம குரல் காற்று வழியா மட்டும் காதுக்கு வர்றதில்லை. தாடை எலும்பு, மண்டை ஓடு வழியாவும் அதிர்ந்து வருது. எலும்பு வழியா வர்றதில் கீழ் ஒலிகள் அதிகம், அதனால் நமக்கு நாமே கனமான குரல்காரரா தெரிவோம். ரெக்கார்டரில் எலும்பு கிடையாது. அங்கே கேட்கிறதுதான் ஊர் கேட்கிற உங்க குரல். நிறைய பேர் இந்த அதிர்ச்சிக்கு மருந்தா விலை கூடின மைக் வாங்கறாங்க. மைக் மாறினாலும் எலும்பு வராது பாஸ்! ரெண்டு வாரம் தினமும் கேளுங்க, பழகிடும்.

சரி, கடைக்குள்ளே போவோம்.

காசே செலவில்லாத வழி போனேதான். ஆட்டோ வேலைகளை நிறுத்திட்டு, மைக்கில் விழறதை அப்படியே பதிவு செய்யற ஆப்கள் உண்டு. கெயினைக் கையால் வைக்க விடற ஆப்களும் உண்டு. ஆனா எல்லா போனும் இதுக்கு ஒத்துழைக்கிறதில்லை. ஆப்பைப் போட்டுட்டு மறுபடி அந்தக் கைதட்டல் சோதனையைப் பண்ணிப் பாருங்க. பாஸானா உங்க சாதகத்துக்கு அதுவே போதும், பணத்தை பாங்கில் போடுங்க. ஃபெயிலானா மேலே படிங்க.

சட்டைக் காலரில் குத்திக்கிற கிளிப் மைக் பல பேர் கையில் இருக்கு. போயா எம்1 மாதிரி மாடல்கள் 6 மீட்டர் வயரோடு மலிவா கிடைக்கும். பேச்சுக்கு அருமையானது. ஆனா போனில் சொருகினா போனோட ஆட்டோ வேலை அப்படியே தொடரும். மைக் மாறுச்சே தவிர குமிழைத் திருகுறவர் மாறலை. வாத்தியத்தில் குத்தினா அந்த ஒரு இடத்துச் சத்தம்தான் பெரிசா விழும்.

அடுத்து, ஆன்லைனில் கண்ணைப் பறிக்கிற ஸ்டுடியோ செட். மடங்கி நீளுற ஸ்டாண்டு, வாய்க்கு முன்னாடி வலை, தங்க நிற மைக், எல்லாம் ஒரே பெட்டியில்! போட்டோவுக்கு நல்லா இருக்கும். அதுக்கு மேலே நான் எதுவும் சொல்லலை.

உருப்படியான ஸ்டுடியோ வழி வேற. ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் சோலோ மாதிரி ஒரு ஆடியோ இன்டர்ஃபேஸ், அதோடு ஒரு நல்ல மைக். 1965-ல் வந்த ஷூர் எஸ்.எம்.57 இன்னிக்கும் வாத்தியங்களுக்கு ஓடுது. மறு வருஷம் வந்த அதன் தங்கச்சி எஸ்.எம்.58-ஐ நீங்க பார்க்காத மேடையே இருக்காது. பாட்டு கம்போஸ் பண்றவங்க, தனித்தனியா ட்ராக் போட்டு அடுக்கறவங்க, பேண்ட் வெச்சிருக்கிறவங்களுக்கு இது சரியான வழி. ஆனா இன்டர்ஃபேஸ், மைக், ஸ்டாண்டு, வயர்னு சேர்த்துப் பார்த்தா நம்ம தோழியோட 12 ஆயிரம் தாண்டிடும். அதைவிடப் பெரிய விஷயம், காலையில் எழுந்து லேப்டாப்பைத் திறந்து, வயரை மாட்டி, சாஃப்ட்வேரைக் கூப்பிட்டு... பத்து நாளில் அலுத்துடும். ரூம்மேட் தூக்கம் கெடறது தனிக் கணக்கு.

அதனால் சாதகம், கச்சேரி ரெண்டுக்கும் ஒரே பொருள் வேணும்னா என் ஓட்டு கையடக்க ஸ்டீரியோ ரெக்கார்டருக்கு. ஜூம் கம்பெனியோட எச்1 வரிசை, டாஸ்காம் டி.ஆர்-05 வரிசை ரெண்டும் மாணவர்கள் கையில் அதிகம் புழங்கறது. விலை பத்தாயிரத்தை ஒட்டி இருக்கும், கடைக்குக் கடை மாறும். ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு ரவுண்டு, ஆன்லைனில் ஒரு ரவுண்டு போயிட்டு முடிவு பண்ணுங்க. செகண்ட் ஹேண்டில் வாங்கினா பேட்டரி வைக்கிற இடத்தில் துரு இருக்கா, ரெண்டு பக்க மைக்கும் ஒரே அளவில் எடுக்குதான்னு பாருங்க. 'வாய்ஸ் ரெக்கார்டர்'னு மீட்டிங்குக்காக விக்கிற குச்சி ரெக்கார்டர்கள் பக்கம் போகாதீங்க. அதுவும் பேச்சுக்குப் பிறந்ததுதான்.

இப்போ புதுசா வர்றதில் '32 பிட் ஃப்ளோட்' என்று பெட்டியில் எழுதியிருக்கும். 2024-ல் வந்த ஜூம் எச்1 எசென்ஷியல் இந்த ரகம். இதில் லெவல் வைக்கிற வேலையே கிடையாது. ரொம்ப மெல்லிசான ஒலியிலிருந்து ரொம்பப் பெரிய ஒலி வரைக்கும் அகலமா பிடிச்சு வெச்சுக்கும். அப்புறம் கம்ப்யூட்டரில் மொத்தத்தையும் ஒண்ணா ஏத்தியோ இறக்கியோ கேட்டுக்கலாம். 'அப்போ இதுவும் ஆட்டோதானே?'ன்னு கேட்பீங்க. இல்லை. இது நடுவில் எதையும் திருகறதில்லை. உங்க மெதுவும் சத்தமும் எந்த விகிதத்தில் இருந்ததோ அதே விகிதத்தில் இருக்கும். ஆனா பறைக் குழு, நாகஸ்வரம்-தவில் கோஷ்டி நண்பர்களுக்கு ஒரு எச்சரிக்கை. மைக்குக்குள்ளே இருக்கிற சவ்வு தாங்காத அளவுக்குச் சத்தம் வந்தா எத்தனை பிட் இருந்தாலும் கரகரக்கும். தள்ளி வைக்கிறது ஒண்ணுதான் மருந்து.

பழைய ரகம்னா லெவலை நீங்கதான் வைக்கணும். பயப்பட ஒண்ணுமில்லை. உங்க உருப்படியிலேயே சத்தமான இடம் எதுவோ, தார ஸ்தாயி பஞ்சமமோ, தனியில் மோரா கோர்வையோ, அதை முதலில் முழு வேகத்தில் வாசிச்சுக் காட்டுங்க. மீட்டர் அதிகபட்சம் மைனஸ் 12 கிட்டே போய் நிற்கிற மாதிரி வெச்சுட்டு மறந்துடுங்க. பூஜ்யத்தைத் தொட்டா கிழிஞ்சிடும், அதை எந்த சாஃப்ட்வேராலும் நல்லபடியா தைக்க முடியாது. மேடையில் ஏறினா எல்லாருக்கும் கை ஓங்கும் என்பதால் அங்கே இன்னும் கொஞ்சம் இறக்கியே வைங்க.

இப்போ எல்லாரும் கோட்டை விடற ஏரியா. மெஷினை எங்கே வைக்கிறது?

ஹாஸ்டல் ரூமோட முதல் எதிரி தலைக்கு மேலே சுத்தறார். ஃபேன். மே மாசத்தில் ஃபேனை நிறுத்தச் சொல்றது பாவம்தான். ஆனா நாள் பூரா பதிவு செய்யத் தேவையில்லை. பத்து நிமிஷம் போதும். அந்தப் பத்து நிமிஷம் அணைச்சிடுங்க, வேர்த்தா வேர்க்கட்டும். ரெண்டு மணி நேரம் பதிவு செஞ்சா அதைக் கேட்க இன்னொரு ரெண்டு மணி நேரம் வேணும். யாரும் கேட்க மாட்டீங்க.

ரெண்டாவது எதிரி வெறும் சிமென்ட் சுவர். தூரம் ரெண்டு மடங்கானா வாத்தியத்திலிருந்து நேரா வர்ற ஒலி 6 டெசிபெல் குறையும். சுவரில் பட்டுத் திரும்புற எதிரொலியோ கிட்டத்தட்ட அதே அளவில் நிற்கும். அதனால்தான் ரூம் மூலையில் வெச்ச ரெக்கார்டரில் பாத்ரூம் எஃபெக்ட் வருது. ரெண்டு, மூணு அடிக்குள் கொண்டு வாங்க. முதுகுக்குப் பின்னாடி மெத்தையைச் சாய்ச்சு வைங்க. திறந்த துணி அலமாரி பக்கம் முகம் பார்த்து உட்கார்ந்தா இன்னும் விசேஷம். ஸ்டுடியோக்காரங்க லட்சக்கணக்கில் பண்றதை உங்க அழுக்குத் துணியே இலவசமா பண்ணிடும்!

தரையிலே நேரா வைக்காதீங்க. தாளம் போடற கை, ஆடற கால், வெளியே யாரோ தடதடன்னு ஓடறது எல்லாம் தரை வழியா ஏறும். மடிச்ச துண்டு மேலே வைங்க, இல்லைன்னா சின்ன ட்ரைபாடு. சுருதிப் பெட்டியை மைக் பக்கத்தில் வைக்காமல் உங்களுக்குப் பின்னாடி தள்ளி வைங்க. தம்புரா மெல்லிசா பதிவில் இருக்கணும், அப்போதான் சுருதி விலகினது தெரியும்.

வயலினுக்கு உட்கார்ந்து வாசிக்கிற நம்ம முறையில், வாத்தியத்தின் மேல்முகத்தைப் பார்த்த மாதிரி கொஞ்சம் உயரத்திலிருந்து ரெண்டு அடியில் வைங்க. ரொம்பக் கிட்டப் போனா வில் முடி உரசற சத்தம்தான் வரும். புல்லாங்குழலுக்கு ஊதற துளைக்கு நேரா வேண்டவே வேண்டாம், காத்துதான் பதிவாகும். மேலேயிருந்து, விரல்கள் பக்கமா காட்டுங்க. வீணைக்குக் குடத்துப் பக்கம். மிருதங்கத்துக்கு ரெண்டு தலைக்கும் நடுவே, முன்னாடி நாலு அடி தள்ளி. அப்போதான் தொப்பியும் வலந்தலையும் சம அளவில் விழும். இதெல்லாம் ஆரம்ப இடம்தான். அரை அடி அங்கே இங்கே நகர்த்தி ரெண்டு நிமிஷம் பதிவு செஞ்சு கேட்டுப் பாருங்க.

கேட்கிறதும் போன் ஸ்பீக்கரில் வேண்டாம். தொப்பியோட கீழ் ஒலி அந்தக் குட்டி ஸ்பீக்கரிலிருந்து வரவே வராது. மீதிப் பணத்தில் ஒரு நல்ல வயர் ஹெட்போன் வாங்கிக்குங்க. வெட்ட, லெவலை ஏத்த இறக்க 2000-லிருந்து இருக்கிற ஆடாசிட்டி இலவசமாவே கிடைக்குது.

கச்சேரிக்கு வருவோம். காலேஜ் ஆடிட்டோரியத்தில் மைக்செட் அண்ணன் கிட்டே நைஸா பேசி மிக்ஸரிலிருந்து ஒரு வயர் வாங்கி ரெக்கார்டரில் சொருகுவாங்க. 'டைரக்டா எடுத்துட்டோம்'னு பெருமை வேறே. வீட்டுக்கு வந்து கேட்டா குரல் மட்டும் காதுக்குள்ளே கத்தும், மிருதங்கம் எங்கேயோ பக்கத்துத் தெருவில் கேட்கும். காரணம் சிம்பிள். சின்ன ஹாலில் மிருதங்கம் தன் சொந்தச் சத்தத்திலேயே எல்லாருக்கும் கேட்டுடும். அதனால் மைக்செட் அண்ணன் அதோட மைக்கை லேசாத்தான் ஏத்தியிருப்பார். மிக்ஸர் வயரில் வர்றது அந்த லேசான அளவுதான். அதனால் வயரை மட்டும் நம்பாமல், ஹாலில் மேடைக்கு நேரா முதல் ரெண்டு மூணு வரிசைக்குள் உங்க ரெக்கார்டரை அதோட சொந்த மைக்கிலேயே ஓட விடுங்க. ரெண்டு மெஷின் கிடைச்சா வயரில் ஒண்ணு, ஹாலில் ஒண்ணு. ஆரம்பத்தில் ஒரு கைதட்டலைப் பதிவு செஞ்சுட்டா, அப்புறம் ரெண்டையும் அந்தத் தட்டலில் பொருத்திக்கலாம். போனில் எடுக்கிற வீடியோவுக்கும் இதே டெக்னிக்தான்.

வயர் சொருகும்போது கவனம். மிக்ஸரிலிருந்து வர்றது லைன் அளவு, மைக்கை விடப் பல மடங்கு பெரிசு. ரெக்கார்டர் மெனுவில் 'லைன்' என்று இருந்தா அதை வைங்க. மைக்குக்கு மின்சாரம் அனுப்பற 'பிளக்-இன் பவர்' ஆனில் இருந்தா அணைங்க. கச்சேரிக்கு முன்னாடி சோதிக்க முடியலைன்னா வயரே வேண்டாம்.

ஃபைல் கணக்கு: 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் வேவ் ஃபைல் ஸ்டீரியோவா எடுத்தா மணிக்குச் சுமார் 1 ஜி.பி. மூணு மணி நேரக் கச்சேரிக்கு 3 ஜி.பி. சாதகத்துக்கு எம்.பி.3 போதும். கச்சேரிக்கு வேவ். வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜா அனுப்பினதை வெச்சு நாதத்தை எடை போடாதீங்க, அது நசுங்கின சரக்கு. கச்சேரி அன்னிக்குப் புது பேட்டரி, காலி கார்டு. 'ரெக்' பட்டனை ஒரு முறை அழுத்தினா சில மாடல்கள் தயார் நிலையில் மட்டும் நிற்கும், ரெண்டாவது முறை அழுத்தினாத்தான் ஓடும். விநாடி எண் நகருதான்னு கண்ணால் பார்த்துட்டுத்தான் உட்காரணும்.

கடைசியா ஒரு சீரியஸ் விஷயம். ஜி.என்.பி., மதுரை மணி ஐயர் காலத்துக் கச்சேரிகள் பலதும் இன்னிக்கு நாம கேட்கக் கிடைக்கிறது வானொலியாலும், ஸ்பூல் டேப்பில் பிடிச்சு வெச்ச ரசிகர்களாலும்தான். அவங்களுக்கு ஒரு கும்பிடு. அதுக்காக எந்த சபாவிலும் ரெக்கார்டரை நீட்டலாம்னு இல்லை. 1957 காப்புரிமைச் சட்டத்தில் 1994-ல் செஞ்ச திருத்தம் மேடைக் கலைஞர்களுக்குன்னு தனி உரிமை கொடுத்திருக்கு. சொந்த உபயோகத்துக்கும், படிப்பு சொல்லிக் கொடுக்கவும் பதிவு செய்ய அந்தச் சட்டம் விலக்கு தருது. ஆனா அதை யூடியூபில் ஏத்தறது அந்த விலக்கில் வராது. சபாவுக்குன்னு தனி விதி இருந்தா அதுவும் உண்டு. பக்கவாத்தியம் வாசிச்ச ஃப்ரெண்டுக்கும் இதே மரியாதைதான். அவன் தனியில் தடுமாறின இடம் ஊருக்கே போறதுக்கு முன்னாடி அவன்கிட்ட ஒரு வார்த்தை கேளுங்க. வகுப்பிலும் அப்படித்தான். 'சார், பதிவு பண்ணிக்கட்டுமா?'ன்னு கேட்டுட்டு ரெக்கார்டரை வெளியே எடுங்க. சிலர் 'வேண்டாம், காதில் ஏத்திக்கோ'ன்னு சொல்வாங்க. சொன்னா மூடி வெச்சிடுங்க.

அடுத்த வாரம், ஒரு பேண்ட் கோஷ்டி கேட்ட கேள்வி: கையில் ஒரே ஒரு மைக்தான் இருக்கு, டிரம்ஸுக்கு அதை எங்கே வைக்கிறது?